சின்னரியின் பெண்கள்

கிராமத்துப் பெண்ணை வரைந்த சித்திரங்கள் நம்மிடம் ஏராளம், கிராமத்துப் பெண்தான் அவற்றில் இல்லை என்று போன கோடையில் சொல்லிவைத்தேன். நண்பர்கள் நாலைந்து பேர் மோகனூர் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மணல், மணலுக்கு அப்பால் கொஞ்சம் காவிரி, அதற்கும் அப்பால் வாங்கல். பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஒருவர் விடவில்லை. அப்படியானால் இருக்கிற ஒரு சித்திரத்தைக் காட்டு என்றார். ஜார்ஜ் சின்னரி என்றேன். இருநூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரன், கடன்காரன், கம்பெனி துரைகளுக்கு முகம் எழுதிப் பிழைத்தவன், அவனா என்று சிரித்தார்கள். சிரிப்பு நியாயமானதுதான். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஆகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

மோகனூருக்கே ஒரு சித்திரக்காரர் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்தது இந்த ஊரில்தான். கவிஞர் என்றே பேர் நிலைத்துவிட்டதால் அவர் படம் எழுதிப் பிழைத்தவர் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1911 தில்லி தர்பாரை ஒட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரையும் ராணியையும் வரைந்து தங்கப் பதக்கம் பெற்றார். தேசியக் கவி மன்னருக்குப் படம் எழுதினார் என்று இதைக் குத்திக்காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த உத்தேசம் இல்லை. கையில் வித்தை உள்ள ஒருவனுக்கு அன்று திறந்திருந்த வாசல் அது ஒன்றுதான். முகம் எழுதுவது, அதுவும் காசு கொடுக்கக்கூடியவர்களின் முகம். இந்தப் படித்துறையில் குடம் விளக்கிய பெண்கள் காசு கொடுக்கக்கூடியவர்கள் இல்லை. எனவே மோகனூரில் பிறந்த சித்திரக்காரருக்கு லண்டன் மன்னர் கிடைத்தார். லண்டனில் பிறந்த சித்திரக்காரருக்குக் குடம் சுமக்கும் பெண்கள் கிடைத்தார்கள். இந்த விபரீதம் தற்செயலானது அல்ல.

சின்னரி பிறந்தது 1774இல். டர்னருக்கு ஒரு வயது மூத்தவர். இருவரும் ராயல் அகாடமிப் பள்ளியில் ஏறக்குறைய ஒரே காலத்து மாணவர்கள். டர்னர் ஒளியைத் தேடிப் போனார். சின்னரி டப்ளினுக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டார். இரண்டு குழந்தைகள் பிறந்தன. மூன்று பேரையும் விட்டுவிட்டு 1802 டிசம்பரில் மதராஸில் வந்து இறங்கினார். அங்கே அவருடைய சகோதரர் ஏற்கெனவே இருந்தார். ஐந்து வருஷம் மதராஸ் வாசம். 1805இல், ஹைதராபாத் ரெஸிடெண்ட் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிஸாவுக்கும் பிறந்த இரண்டு குழந்தைகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் அவர்களை வரைந்தார். அந்தப் படம் மட்டுமே போதும், அவர் பேர் நிற்க. 1807இல் கல்கத்தா போனார், அங்கிருந்து டாக்கா, மறுபடியும் கல்கத்தா. சம்பாதித்ததைவிட அதிகம் கடன் வாங்கினார். டேனிஷ்காரர்கள் வசமிருந்த ஸெராம்பூரில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்துவிட்டு, 1825இல் மக்காவுக்குக் கப்பலேறினார். கடன்காரர்களுக்குப் பயந்தா, 1818இல் வந்து சேர்ந்திருந்த மனைவிக்குப் பயந்தா என்பது அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிற விடுகதை. 1852இல் அங்கேயே இறந்தார்.

மனிதரைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். விரும்பத்தக்க மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய எண்ணெய் வர்ணப் படங்களில் பெரும்பாலானவை பற்றியும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நீதிபதிகள், தளபதிகள், பின்னால் ஒரு தூண், ஒரு சிவப்புத் திரை. நான் பேச வந்தது வேறு. அதிகாலையில் வெளியே போய், கைக்கு அடக்கமான காகிதங்களில், பென்சிலால் போட்டு, அதன் மேல் பழுப்பு மையால் பேனாக்கோடு இழுத்து, சில சமயம் நீர்வர்ணத்தை மெல்லிசாக ஓடவிட்டு, ஐம்பது வருஷம் அவர் சேர்த்துக்கொண்டே போன குறிப்புச் சித்திரங்கள். கூரை வேய்ந்த குடிசை, மாடு, ஆடு, படித்துறை, பெண்கள். விற்பதற்கென்று போட்டவை அல்ல. பிற்பாடு பெரிய படத்தில் உபயோகப்படும் என்று போட்டவை. இந்தியாவில் போட்டவற்றில் வங்காளத்துக் கிராமங்களே அதிகம். லண்டனிலும் டோக்கியோவிலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. மாசசூசெட்ஸில் அவற்றை வைத்திருக்கிற அருங்காட்சியகம் இருக்கும் ஊரின் பேர் சேலம். நம் சேலத்தில் ஒன்றுகூட இல்லை. அது வேறு சேலம். நான் பார்த்ததெல்லாம் அச்சுப் பிரதிகளிலும், அந்த அருங்காட்சியகங்கள் கைபேசித் திரைக்கு அனுப்பிவைக்கிற பிரதிகளிலும்தான். மூலத்தைப் பார்க்காமல் சித்திரத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கிறவர்களுக்கு, மோகனூரில் இருந்துகொண்டு வேறு எப்படிப் பேசுவது என்பதே என் பதில்.

இந்தச் சித்திரங்களின் அருமை தெரிய வேண்டுமானால் அதே காலத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தஞ்சாவூரில் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கென்று ஆல்பம் ஆல்பமாகச் சித்திரங்கள் தயாராயின. இங்கிலீஷ்காரர்கள் 'மூச்சி' என்று எழுதிவைத்த சித்திரக்காரர்கள், ஐரோப்பியக் காகிதத்தில், நீர்வர்ணத்தில் போட்டவை. ஒரு தாளுக்கு ஒரு ஜோடி. குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும், பாம்பாட்டியும் மனைவியும். ஆண் கையில் தொழிற்கருவி, பெண் கையில் கூடையோ குழந்தையோ. கீழே ஜாதியின் பேர். ஆளின் பேர் இல்லை. இவற்றைக் கேவலமாகப் பேசும் பழக்கம் நம்மிடம் இருந்தது. இப்போது விலை ஏறிவிட்டதால் மரியாதையும் ஏறியிருக்கிறது. இரண்டும் சரியல்ல. சேலைக் கரையையும் கொசுவத்தையும் முந்தானை விழுகிற தினுசையும் அந்தக் கைகள் எழுதியிருக்கிற நேர்த்தி லேசானதல்ல. புடவையின் வரலாற்றை எழுதப்போகிறவனுக்கு அதைவிடப் பெரிய பொக்கிஷம் கிடையாது. ஆனால் குயவர் மனைவியின் முகத்தை எடுத்து நெசவாளர் மனைவியின் கழுத்தில் வைத்தால் ஒரு குற்றமும் வராது. வாங்குகிறவனுக்கு வேண்டியது மாதிரி, ஆள் அல்ல. கேட்டதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

இது எங்கே போய் முடிந்தது என்பதற்கு மைக்காச் சித்திரங்களே சாட்சி. காவிரியோடு கீழே இறங்கினால் நமக்கு அடுத்த பெரிய ஊரான திருச்சிராப்பள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. காக்காய்ப்பொன் தகட்டில், உடைந்துவிடுமோ என்று பயப்படும்படியான மெல்லிசில், ஜாதிகளும் தொழில்களும். இந்தியாவில் செய்யப்பட்ட சில மைக்காத் தொகுப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டையில் ஒரு தலை மட்டும் வரைந்திருக்கும். அதன் மேல் வைப்பதற்கென்று கண்ணாடி மாதிரியான தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு உடுப்பு, முகம் இருக்க வேண்டிய இடம் காலி. தகட்டை மாற்ற மாற்ற ஜாதி மாறும், தொழில் மாறும். முகம் மாறாது. சாயங்கால வேளையில் துரைசானிகளும் குழந்தைகளும் விளையாட நல்ல சாமான். விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு சித்தாந்தம் அதற்குள் சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது.

ரவி வர்மாவைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். 1889இல் மைசூர் அரண்மனைக்கு அவர் எழுதிய பதினொரு பெண்கள் கூடியிருக்கும் சங்கீதக் கோஷ்டிச் சித்திரத்தைப் பாருங்கள். பிரதேசத்துக்கு ஒருத்தி, உடைக்கு ஒருத்தி. பதினொரு உடை, முகம், என் கணக்கில், இரண்டு அல்லது இரண்டரை. 1893இல் சிகாகோ கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்களும் இந்தியப் பெண்கள்தான், வகைக்கு ஒன்று. எண்ணெய் வர்ணமும் ஐரோப்பிய நிழல்-வெளிச்சமும் சேர்ந்துவிட்டதால் நாம் அதை வேறொரு கலை என்று நம்பிவிட்டோம். உள்ளே இருப்பது அதே அட்டைத் தலை, அதே மைக்காத் தகடு. ரவி வர்மா சாதாரணக் கலைஞர் அல்ல என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். பெரிய கலைஞனும் தன் காலத்து ஆல்பத்துக்கு வெளியே போக முடியாமல் நிற்கிற இடம் உண்டு.

இதற்கு ஒரு உள்ளூர் அனுபவம். நான் பாங்கில் கவுண்டரில் உட்காருகிறவன். கணக்குப் புதுப்பிக்கப் போட்டோ வேண்டும் என்பது விதி. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஆட்களோடு போய் அலுத்துப்போன ஒரு கிழவி, எழுபதுக்கு மேல் இருக்கும், போட்டோ கொண்டுவந்தாள். ஆயுசில் ரவிக்கை போடாதவள். பின்கொசுவம் வைத்த வெள்ளைச் சேலை. போட்டோவில் கனகாம்பர நிறத்தில் பாலியெஸ்டர் சேலை, கைவைத்த ரவிக்கை, தோளில் பின் குத்தியிருக்கிறது. நான் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். 'மூஞ்சி என்னுதுதானுங்க சாமி, சேல பேத்தியோடது' என்றாள். விதிக்கு முகம் போதும். ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். மைக்காத் தகட்டைப் பற்றி அன்று ராத்திரிதான் எனக்கு விளங்கியது. தகட்டை மாற்றுகிறவனுக்கு உடுப்புதான் நிஜம், முகம் எதுவானாலும் சரி. இவளோ சேலையை இரவல் வாங்கலாம், முகத்தை வாங்க முடியாது என்று தெரிந்தவள்.

இப்போது சின்னரிக்கு வருகிறேன். அவருடைய தாள்களில் பெண் ஒரு தாளுக்கு ஒருத்தியாக, நடுவில், நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஒரே தாளில் நாலைந்து இடத்தில், சிறிசாகவும் பெரிசாகவும், பாதியாகவும் முழுசாகவும் இருக்கிறாள். ஒரு மூலையில் குனிகிறாள், பக்கத்திலேயே நிமிர்கிறாள். ஒரு தரம் போட்ட கை சரியில்லை என்று தோன்றினால் அதன் பக்கத்திலேயே கை மட்டும் இன்னொரு தரம். முக்கால்வாசியும் முதுகு, அல்லது பக்கவாட்டு. முகம் என்பது இரண்டு கோடு, ஒரு மைப் புள்ளி. ஆனால் இடுப்பில் குடம் ஏறினதும் எதிர்ப்பக்கம் சரிகிற தோள், குடத்தைச் சுற்றி வளைந்து விளிம்பைப் பிடித்திருக்கிற கை, பாரத்துக்கு ஈடாக அகன்று ஊன்றுகிற பாதம், இவை ஒவ்வொன்றும் பார்த்துப் போட்டவை. இங்கே சேலை உடுப்பு அல்ல. தலையில் சும்மாடாகச் சுருண்டிருப்பதும் சேலைதான், குழந்தையைக் கட்டியிருப்பதும் சேலைதான், வெயிலுக்கு முக்காடு, ஈரக்கை துடைக்கும் துணி, எல்லாம் அந்த ஒன்றுதான். ஆல்பக்காரருக்குச் சேலை என்பது கரையும் கொசுவமும். சின்னரிக்கு அது உடம்பு செய்கிற காரியத்தின் வடிவம். பாரம்பரிய உடை என்று நாம் சொல்வது உடுத்தியிருக்கிறவளுக்கு வேலைத் துணி என்கிற சாதாரண விஷயத்தை, மதராஸிலும் வங்காளத்திலும் மக்காவிலும் அவர் கண் திரும்பத் திரும்பக் கண்டுகொண்டிருக்கிறது. மக்காவில் அவர் விடாமல் வரைந்த படகுக்காரப் பெண்களைப் பாருங்கள். தலையில் கட்டிய துணி, துடுப்புத் தள்ளுகிற தோள். ஊர் மாறிவிட்டது, உடை அடியோடு மாறிவிட்டது, பார்வை மாறவில்லை.

நீர்வர்ணம் இதற்கு ஏற்ற சாதனம். எண்ணெய் வர்ணத்தில் திருத்திக்கொண்டே இருக்கலாம், ஆளை மணிக்கணக்கில் நிற்கவைக்கலாம். தண்ணீர் எடுத்துப் போகிறவள் நிற்க மாட்டாள். அவள் படித்துறை ஏறி முடிப்பதற்குள் போட்டது போட்டதுதான். சின்னரியின் நல்ல தாள்களில் அந்த அவசரம் தெரிகிறது. மெல்லிய பழுப்பு ஓடியிருக்கும், ஓரத்தில் காகிதம் அப்படியே வெள்ளையாக விடப்பட்டிருக்கும், அங்கே வெயில் அடிக்கும். பிறகு எங்கேயாவது ஒரு சிவப்புப் பொட்டு. இந்தச் சிவப்பு அவருடைய பழக்கதோஷம். சில தாள்களில் அது இல்லாமல் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

அவருக்கு முன்னால் 1792இல் தாமஸ் டேனியலும் அண்ணன் மகன் வில்லியமும் மதராஸிலிருந்து புறப்பட்டு, அப்போதுதான் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்திருந்த பாராமஹால் மலைப் பக்கமெல்லாம் வரைந்துகொண்டு தெற்கே போனார்கள். 144 தட்டுகள் கொண்ட அவர்களுடைய கீழ்த்திசைக் காட்சிகளில் மலையும் கோட்டையும் கோபுரமும் பிரமாதம். பெண்கள் வருகிறார்கள், கட்டைவிரல் நகத்தளவு. கோபுரம் எத்தனை உயரம் என்று காட்ட ஒரு அளவுகோலாக. டேனியல்களிடமிருந்து சின்னரிக்கு வருகிறபோது கோபுரம் பின்னால் போய்விடுகிறது. குடிசையும் குடமும் முன்னால் வருகின்றன. ரொமாண்டிக் யுகம் என்று ஐரோப்பாவில் சொல்வதன் ஒரு அம்சம் இது. இதை விளக்க எனக்கு வேறு உபாயம் தெரியாததால், பி.ஏ.யில் எல்லோருக்கும் வைத்த ஒரு கவிதையைச் சொல்கிறேன். தனியே கதிர் அறுக்கும் மலைநாட்டுப் பெண்ணைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதியது. அச்சில் வந்த வருஷம் 1807, சின்னரி மதராஸை விட்டுப் போன வருஷம். கவிக்கு அவள் பாட்டின் பாஷை புரியவில்லை. புரியாததையே கவிதையின் மையமாக வைத்துக்கொண்டார். இதில் எங்கள் பேராசிரியர் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதி உண்டு. அந்தப் பெண்ணை வேர்ட்ஸ்வொர்த் பார்க்கவில்லை. தாமஸ் வில்கின்சன் என்ற நண்பரின் பயணக் குறிப்பில் ஒரு வாக்கியத்தைப் படித்ததுதான் விதை. நண்பரின் ஒரு வரியிலிருந்து கவிஞன் அந்தத் தூரத்தைத் தாண்டலாம். சித்திரக்காரனால் முடியாது. அவன் படித்துறைக்குப் போயே ஆக வேண்டும். போன இடத்தில் அவனுக்கும் பாஷை தெரியாது.

சின்னரியின் தாள்களில் சித்திரத்துக்குப் பக்கத்திலேயே கொக்கி கொக்கியாக ஒரு எழுத்து ஓடும். கர்னி சுருக்கெழுத்து. அவருடைய குடும்பத்தில் பழகியிருந்த முறை. இருபதாம் நூற்றாண்டில்தான் அதை உட்கார்ந்து படித்தார்கள். தேதி, நிறம், இது சரி, இதைத் திருத்த வேண்டும், இதைப் பெரிசாகப் போட வேண்டும். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வேலைக் குறிப்புகள். இவ்வளவு அந்தரங்கமான எழுத்தில், அந்தப் பெண் யார் என்பதை எழுதிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. ஆல்பக்காரர் ஜாதியையாவது எழுதினார்.

இந்த இடத்தில்தான் நண்பர் என்னைப் பிடித்துக்கொள்கிறார். அவர் மார்க்ஸியர், படித்துறையில் முதலில் சிரித்தவரும் அவரே. முதுகை வரைந்ததை நீ அழகியல் ஆக்குகிறாய், வெள்ளைக்காரனைக் கண்டு அந்தப் பெண்கள் திரும்பிக்கொண்டார்கள், அவ்வளவுதானே என்கிறார். சின்னரி மதராஸில் இருந்த கடைசி வருஷங்களான 1806, 1807இல் இந்த மாகாணத்தில் பஞ்சம். அந்தக் குடிசைகளில் ஒன்றிலாவது பசி தெரிகிறதா என்கிறார். நான் பார்த்தவற்றில் இல்லை. இது பெரிய குறைதான், மழுப்ப விரும்பவில்லை. வெயிலும் கூரையும் ஈரக்குடமும் எல்லா நாளும் ஒன்றுபோல இருக்கின்றன. கந்தாயம் கட்டுகிற நாள் ஒன்றும் வருவதில்லை. ரொமாண்டிக் மனசுக்குக் கிராமம் என்பது காலம் நுழையாத இடம். சின்னரியும் அந்த மனசுக்குச் சொந்தக்காரர்தான்.

ஆனால் முதுகு விஷயத்தில் நண்பரின் வாதமே என் கட்சிக்குப் பலம் என்று நினைக்கிறேன். அவர்கள் திரும்பிக்கொண்டார்கள், அவர் திரும்பின முதுகை வரைந்தார். அதுதான் நான் சொல்ல வந்தது. தஞ்சாவூர் ஆல்பத்துக்காரருக்கும் ரவி வர்மாவுக்கும் இது நடக்கவே இல்லை. அங்கே எல்லாப் பெண்களும் நமக்காக இந்தப் பக்கம் திரும்பி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார்கள். தனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த தூரத்தைச் சின்னரி பொய்யாக நிரப்பவில்லை. நல்லெண்ணத்தினால் அல்ல, அவசரத்தினாலும் பாஷை தெரியாததாலும். கண் சில சமயம் ஆளைவிட யோக்கியமாக இருந்துவிடுகிறது.

இதை ஒத்துக்கொண்ட பிறகு இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு ஏன் இந்த முதுகுகள் இவ்வளவு பிடித்திருக்கின்றன? முதுகு நம்மிடம் ஒன்றும் கேட்காது. கவுண்டரில் இருக்கிறவனுக்கு எல்லாப் பெண்களும் முகத்தோடுதான் வருகிறார்கள். நகைக்கடன் தவணை, நூறுநாள் வேலைப் பணம் ஏறிவிட்டதா, கைநாட்டு விழவில்லை, ரேகை தேய்ந்துபோயிற்று. பத்து வருஷமாக இந்த முகங்களைத் தினம் பார்க்கிறேன். ஒன்றைக்கூட மனசில் வரைந்து வைத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து வங்காளத்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் ரசனையில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே மேலே எழுதுகிறேன்.

நம் காலத்தில் என்ன நடந்திருக்கிறது? ஆதிமூலம் இருக்கிறார். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்ட கோட்டுச் சித்திரங்களில் சேலைக்கு நிறமே கிடையாது, கரையும் கிடையாது. முடிச்சும் நரம்புமான ஒரு கோடு உடம்பையும் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. கரிசல்காட்டு ஆட்கள் அதில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், 2021இல் கொரோனாவில் இளவயதிலேயே இறந்துபோன எஸ். இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கதவு நிலையில், ஜன்னலோரத்தில், பித்தளைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கருத்த பெண்களை, போட்டோவோ என்று சந்தேகிக்கும்படி எழுதியவர். கருப்பை அழகென்று நிறுவிய அளவில் அவருக்கு நம் பத்திரிகைகளின் அட்டைப்படச் சரித்திரமே கடன்பட்டிருக்கிறது. ரவி வர்மாவின் வெளுத்த தேவிகளுக்கு அது தாமதமாக வந்த பதில். ஆனால் அவரை யதார்த்தவாதி என்று எழுதுகிறார்களே, அது தப்பு. கிராமத்தை விட்டுப் பிரிந்தவனின் ஏக்கம் அந்தச் சாய்ந்த வெளிச்சம் பூராவும் நிரம்பியிருக்கிறது; முழுக்க ரொமாண்டிக். அந்தப் பெண்கள் எப்போதும் வேலை முடிந்தவர்கள் அல்லது வேலை ஆரம்பிக்காதவர்கள். பட்டின் மடிப்பு துல்லியம், தோலில் விழும் ஒளி துல்லியம். அத்தனை துல்லியத்திலும் குடத்துக்குக் கனம் ஏறவில்லை.

சித்திரக்காரர்களை மட்டும் சொல்வானேன். நம் சிறுபத்திரிகைகளில் இந்த ஐம்பது அறுபது வருஷத்தில் எத்தனை கவிதைகளில் இடுப்புக் குடத்தோடு ஒருத்தி அந்திவெயிலில் போயிருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். நானே மூன்று எழுதியிருக்கிறேன். படிமம் என்று பேர் வைத்தோம். அவள் போய்க்கொண்டே இருக்கிறாள், வீடு போய்ச் சேர்ந்ததில்லை. இப்போது மோகனூரில் பாதித் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது, மீதித் தெருவுக்கு பிளாஸ்டிக் குடமும் சைக்கிளும். கவிதையில் இன்னும் மண்குடம்தான். சின்னரியைக் காலம் தெரியாதவர் என்று குறை சொல்ல நமக்குக் கொஞ்சம் வாய் கூசத்தான் வேண்டும். அவராவது நேரில் போனார்.

இதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் போட்டோக் கிழவி மறுபடி வந்தாள். கூட்டம் இல்லை. என்ன தோன்றியதோ, கைபேசியில் இரண்டு படங்களை எடுத்துக் காட்டினேன். ஒன்று, பட்டுச் சேலையில் குடத்தோடு நிற்கும் ஒருத்தி, காலண்டரில் வருகிற மாதிரி, யார் எழுதியது என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று சின்னரி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

'இது வெறுங்கொடமுங்க' என்றாள் முதல் படத்தை. 'தண்ணியிருந்தா இடுப்பு இப்பிடியா நிக்கும்?'

சின்னரியைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. கோடு புரிபட வேண்டுமே. பிறகு விரலால் அந்தத் தோளைத் தொட்டாள். தொட்டதும் படம் நகர்ந்துவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து வைத்தேன்.

'இவ ரொப்பிக்கிட்டு வாறா. எந்தூருப் புள்ளைங்க?'

வங்காளம் என்றேன். செத்து இருநூறு வருஷம் ஆகியிருக்கும் என்றேன்.

'பேரென்னங்க?'

தெரியாது அம்மாயி, எழுதி வைக்கவில்லை என்றேன். பாஸ் புத்தகத்தை நீட்டினாள். வரவு போட்டுக் கொடுத்தேன்.